பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி மக்கர் செய்கிறதா? படிப்படியாகக் கோளாறு கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

"பென் டிரைவ் சொருகினால் எதுவுமே வருவதில்லை" என்று கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பாதி இடங்களில் கிடைக்கும் பதில்: "விண்டோஸ் ஃபார்மட் பண்ணிடலாம் சார்." சில சமயம் அது பலிக்கும். பலிக்காதபோது ஃபார்மட்டுக்கும் காசு போய், பழைய ஃபைல்களும் போய், பென் டிரைவ் அப்போதும் வராமல் நிற்கும். யூஎஸ்பி சாதனம் விண்டோஸின் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே சில கட்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய டெஸ்க்டாப்பில் பழுது பெரும்பாலும் அந்த முன்கட்டங்களில்தான் இருக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது இன்டெல் ஜி31, ஜி41, எச்61 மாதிரியான மதர்போர்டுகளில் அசெம்பிள் செய்து, இன்றும் விண்டோஸ் 7 அல்லது 10 ஓட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள். ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு இடம் தவிர எல்லாம் பொருந்தும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

யூஎஸ்பி 2.0 வயருக்குள் நான்கு கம்பிகள். சிவப்பு 5 வோல்ட், கருப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் டேட்டா. சொருகியதும் நடப்பது இதுதான். முதலில் 5 வோல்ட் கிடைத்து சாதனம் விழிக்கிறது. அடுத்து, அதற்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் டேட்டா கம்பிகளில் ஒன்றை மேலே இழுத்து, "நான் வந்துவிட்டேன்" என்று போர்டுக்குத் தெரிவிக்கிறது. கீபோர்டு, மவுஸ் மாதிரி மெதுவான சாதனங்கள் வெள்ளைக் கம்பியை இழுக்கும். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாம் பச்சையை. மூன்றாவதாக, "நீ யார்?" என்று கம்ப்யூட்டர் கேட்க, சாதனம் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்ல வேண்டும். அந்த எண்களைப் பார்த்துத்தான் விண்டோஸ் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளை, தேடுகிறது. டிரைவர் ஏறிய பிறகு, பென் டிரைவாக இருந்தால் அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுக்கப்படுகிறது.

இதை வைத்து அறிகுறியைப் படியுங்கள்.

சாதனத்தில் லைட்டே எரியவில்லை, "டிங்" சத்தமும் இல்லை என்றால் கரண்ட் போகவில்லை. லைட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் டேட்டா கம்பியில் தொடர்பு இல்லை, அல்லது அந்தப் போர்ட்டே செத்துவிட்டது. சத்தம் வந்து, டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களைப் பட்டியல் போடும் விண்டோஸ் பக்கம், திறக்கும் வழி ஆறாம் படியில்) "அன்னோன் டிவைஸ்" என்று கோட் 43 காட்டினால், சாதனம் வந்தது தெரிகிறது, "நீ யார்" என்ற கேள்விக்குத்தான் ஒழுங்கான பதில் வரவில்லை. சரியான பெயரோடு வந்து மஞ்சள் குறி காட்டினால்தான் அது டிரைவர் பிரச்சினை. டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரி, "மை கம்ப்யூட்டர்" பக்கத்தில் மட்டும் டிரைவைக் காணோம் என்றால் எழுத்து அல்லது ஃபைல் சிஸ்டம் விவகாரம்.

கோட் 43 வந்ததும் இணையத்தில் "யூஎஸ்பி டிரைவர்" தேடி, கண்ட கண்ட டிரைவர் அப்டேட்டர் மென்பொருளை எல்லாம் இறக்குபவர்கள் ஏராளம். சாதனம் யாரென்றே விண்டோஸுக்குத் தெரியாதபோது எந்த டிரைவரைக் கொடுத்து என்ன பயன்? அந்த இலவச அப்டேட்டர்களால் புதிய தலைவலிதான் வந்து சேரும்.

முதல் படி: ப்ளக்கைப் பிடுங்குங்கள்

ரீஸ்டார்ட் செய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஷட்டவுன் செய்த பிறகும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் ஆஃப் ஆன பிறகும் ஆப்டிகல் மவுஸின் அடியில் சிவப்பு லைட் எரிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த மின்சாரம்தான். ஆகவே போர்ட்டுகளை நிர்வகிக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் குழம்பிய நிலையில் மாட்டிக்கொண்டிருந்தால் ஷட்டவுனால் அது தெளியாது. இது போதாதென்று விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுனே அல்ல.

எனவே ஷட்டவுன் செய்து, எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் கழற்றுங்கள். சுவரில் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே பிடுங்குங்கள். இப்போது கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்கும் காரணம் உண்டு. பல போர்டுகளில் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு முன்னால் பாலிஃப்யூஸ் என்ற சின்னப் பாகம் இருக்கும். அதிகக் கரண்ட் போனால் சூடாகி வழியை அடைத்துக்கொள்ளும், ஆறினால் தானே திறக்கும். பெரும்பாலும் அருகருகே உள்ள இரண்டு போர்ட்டுகளுக்கு ஒரே ஃப்யூஸ். ஜோடியாக இரண்டு போர்ட் மட்டும் செத்திருந்தால் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

இரண்டாம் படி: குற்றவாளி யார், சாதனமா, வயரா, போர்ட்டா?

அதே சாதனத்தை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் உங்கள் டெஸ்க்டாப் நிரபராதி. வந்தால், உங்கள் கம்ப்யூட்டரில் பின்பக்கம், மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும் போர்ட்டில் நேரடியாகப் போடுங்கள். நடுவில் ஹப், எக்ஸ்டென்ஷன் வயர், முன்பக்கப் போர்ட் எதுவும் வேண்டாம்.

முன்பக்கப் போர்ட்டை நான் எப்போதுமே நம்புவதில்லை. மலிவான கேபினெட்டுகளில் அங்கிருந்து போர்டுக்குப் போகும் வயர் மெலிசாக இருக்கும், ஷீல்டு இருக்காது. மவுஸ் ஓடும், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் திணறும். பின்னால் வேலை செய்து முன்னால் செய்யாத சாதனத்துக்கு விண்டோஸைக் குறை சொல்லவே கூடாது.

போன், கைரேகை ஸ்கேனர் மாதிரி சாதனங்களுக்கு வயரையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜருடன் வரும் சில மைக்ரோ யூஎஸ்பி வயர்களுக்குள் டேட்டா கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ளாது. நீளத்துக்கும் எல்லை உண்டு: யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பிரிண்டர் அடுத்த அறையில் இருக்கிறது என்று இரண்டு எக்ஸ்டென்ஷன்களைக் கோத்து ஓட்டினால், இன்று வேலை செய்யும், நாளை செய்யாது.

மூன்றாம் படி: டார்ச் அடித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டரை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்ட்டுக்குள் மொபைல் டார்ச்சை அடியுங்கள். வெள்ளை அல்லது கருப்பு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று தெரியும். அதன் ஒரு பக்கத்தில் நான்கு தங்க நிறப் பட்டைகள் இணையாக ஓட வேண்டும். ஓரத்தில் உள்ள இரண்டும் கரண்டுக்கு, நடுவில் உள்ள இரண்டும் டேட்டாவுக்கு. நான்கில் ஒன்று உள்ளே அமுங்கியிருக்கிறதா, வளைந்து பக்கத்துப் பட்டையைத் தொடுகிறதா, நாக்கே உடைந்து பட்டைகள் அந்தரத்தில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு படிந்திருக்கும். பட்டை மங்கலாக இருந்தாலே தொடர்பு விட்டு விட்டு வரும்.

தூசும் களிம்பும்தான் என்றால் காண்டாக்ட் கிளீனர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல் பிரஷ்ஷில் லேசாகத் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். ஊசி, ஹேர்பின் எல்லாம் உள்ளே விடாதீர்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அடுத்த மாதமே அந்தப் பிசுக்கில் தூசு அப்பிக்கொள்ளும்.

வளைந்த பட்டை சாதாரண விஷயம் அல்ல. 5 வோல்ட் பட்டை உலோக ஓட்டைத் தொட்டால் ஷார்ட். சில போர்டுகளில் அப்போது, ஆன் செய்ததும் "யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரன்ட்" என்று எச்சரிக்கை வந்து, 15 விநாடியில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். இந்தச் செய்தியைப் பார்த்ததும் மதர்போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் கழற்றிப் பாருங்கள். போகவில்லையென்றால் கேபினெட்டைத் திறந்து, முன்பக்கப் போர்ட்டிலிருந்து போர்டுக்கு வரும் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். எச்சரிக்கை நின்றால் பழுது முன்பக்கப் பேனலில். அந்தப் பேனலைத் தனியாக மாற்றலாம், இல்லை அப்படியே கழற்றிவிட்டுப் பின்பக்கத்தோடு காலம் தள்ளலாம்.

கனெக்டரைத் திரும்ப மாட்டும்போது கவனம் தேவை. போர்டில் யூஎஸ்பிக்கான முள் வரிசை இரண்டு வரிசையில் 9 முள். ஒரு மூலையில் மட்டும் முள் இருக்காது. கனெக்டரில் அதே மூலை அடைத்திருக்கும். இது ஒரே கட்டையாக இருந்தால் தப்பாக மாட்டுவது கஷ்டம். ஆனால் இன்னும் பழைய கேபினெட்டுகளில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனிக் கனெக்டராகவோ, நான்கு முள் பட்டையாகவோ வரும். அதைத் திருப்பி மாட்டினால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி, சொருகிய பென் டிரைவ் சில விநாடிகளில் கை சுடும். இன்னொரு பொறி: சில போர்டுகளில் பக்கத்திலேயே ஃபயர்வயர் என்ற வேறு வகை இணைப்புக்கும் இதே வடிவத்தில் முள் வரிசை இருக்கும். அதில் வருவது 12 வோல்ட். யூஎஸ்பி கனெக்டரை அங்கே மாட்டிவிட்டால் அதற்குப் பிறகு சொருகும் சாதனங்கள் எரிந்தே போகும். முள் வரிசையின் அருகே போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

நான்காம் படி: 5 வோல்ட் உண்மையிலேயே 5 வோல்ட்டா?

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர். யூஎஸ்பி 3.0 என்றால் 900. பாக்கெட் சைஸ் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 500ஐத் தாண்டிக் கேட்கலாம். புது லேப்டாப்பில் ஓடும் டிஸ்க், பழைய டெஸ்க்டாப்பில் "டிக் டிக்" என்று தட்டிவிட்டு நின்று போவதற்கு இதுதான் காரணம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அப்படித் தட்டிக்கொண்டே இருக்கவும் விடாதீர்கள். இரண்டு போர்ட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒய் வயர் அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப் போட்டால் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். அடாப்டர் இல்லாத நாலு போர்ட் ஹப் இதற்கு உதவாது. அந்த 500 மில்லி ஆம்பியரையே நாலாகப் பங்கு போடும்.

ஒன்றும் சொருகாதபோது எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல பிள்ளைதான். வேலை கொடுக்கும்போது அளக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற நாலு ஓட்டைக் கனெக்டரில் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே அளவெடுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே சரியாக இருந்து, ஹார்டு டிஸ்க் சொருகிய நிலையில் யூஎஸ்பி போர்ட்டில் மட்டும் 4.5க்குக் கீழே இறங்கினால் நடுவில் எங்கோ இழப்பு. போர்ட்டுக்குள் மீட்டர் முனையை விட்டால் ஷார்ட் ஆகிவிடும். சொருகிப் பார்க்கும் யூஎஸ்பி டெஸ்டர் ஒன்று சல்லிசாகவே கிடைக்கிறது.

போர்டைத் திறந்திருக்கும்போதே யூஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் உருளைக் கெபாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், அவற்றை மாற்றாமல் மேற்கொண்டு செய்யும் எல்லாம் வீண். சால்டரிங் தெரிந்தவருக்கு அது சின்ன வேலை.

எர்த் பற்றி ஒரு வார்த்தை

கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் "சுருக்" என்கிறதா? லைன் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறதா? அப்படியானால் பெரும்பாலும் உங்கள் வீட்டு ப்ளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டில் மிதக்கும். இந்தக் கசிவுக் கரண்ட் மிகக் குறைவு என்பதால் வழக்கமாக அந்தச் "சுருக்"கோடு போய்விடும். ஆனால் தனி பவர் கார்டு உள்ள பிரிண்டரை அப்போது யூஎஸ்பியில் சொருகினால், வித்தியாசம் முழுக்க அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் சமனாகும். போர்ட்டுகள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு, வாடகை வீடுகளில் குறிப்பாக, இது பெரிய காரணம். யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. புது போர்டு மாற்றுவார்கள், ஆறு மாதத்தில் அதுவும் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வது மதர்போர்டை விட மலிவு. அதுவரை, பிரிண்டர் வயரைச் சொருகுவதாக இருந்தால் இரண்டையும் அணைத்துவிட்டுச் சொருகுங்கள்.

ஐந்தாம் படி: பயாஸ்

ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போங்கள். யூஎஸ்பி கீபோர்டு இங்கேயே வேலை செய்தால் நல்ல செய்தி: போர்ட்டும் கன்ட்ரோலரும் உயிரோடு இருக்கின்றன. விண்டோஸ் வந்த பிறகு மட்டும் அது செத்துப்போனால் பழி விண்டோஸ் மேல். பயாஸில் ஓடாமல் விண்டோஸில் மட்டும் ஓடினால் "லெகசி யூஎஸ்பி சப்போர்ட்" அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

எந்த யூஎஸ்பி கீபோர்டும் எடுபடாவிட்டால் பின்னால் இருக்கும் ஊதா நிற வட்டப் போர்ட்டில் பழைய பிஎஸ்/2 கீபோர்டைப் போடுங்கள். அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அது ஓடும்போது சொருகுவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர் ஒரு பிஎஸ்/2 கீபோர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

உள்ளே போனதும் "ஆன்போர்டு டிவைசஸ்" அல்லது "இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்" பக்கத்தில் யூஎஸ்பி கன்ட்ரோலர் எனேபிள்டு, யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் எனேபிள்டு, வேகம் கேட்டால் ஹை ஸ்பீடு என்று இருக்க வேண்டும். கூடவே தேதியையும் நேரத்தையும் பாருங்கள். வருஷம் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்த போர்டு ஒவ்வொரு முறை ப்ளக் பிடுங்கும்போதும் பழைய அமைப்புகளை மறக்கும். யூஎஸ்பி "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்ற புகாருக்குச் சில நேரம் அந்தக் காசு சைஸ் பேட்டரிதான் விடை.

ஆறாம் படி: டிவைஸ் மேனேஜர்

கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், மேனேஜ், டிவைஸ் மேனேஜர். கடைசியில் "யூனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்" என்ற பிரிவை விரியுங்கள். ஜி31, ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் ஐசிஎச்7 என்ற சிப். அதில் 8 யூஎஸ்பி போர்ட்டுகள். "யூனிவர்சல் ஹோஸ்ட் கன்ட்ரோலர்" என்று 4 வரிகள், ஒவ்வொன்றும் இரண்டு போர்ட்டுக்கு, மெதுவான சாதனங்களுக்காக. "என்ஹான்ஸ்டு ஹோஸ்ட் கன்ட்ரோலர்" என்று ஒரு வரி, எட்டுப் போர்ட்டுக்கும் சேர்த்து, 480 மெகாபிட் வேகத்துக்காக.

இந்தப் பிரிவினையில் ஒரு நல்ல சோதனை ஒளிந்திருக்கிறது. மவுஸும் கீபோர்டும் ஓடுகின்றன, பென் டிரைவ் மட்டும் கோட் 43 காட்டுகிறது என்று வையுங்கள். என்ஹான்ஸ்டு வரியில் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்துவிட்டு, பென் டிரைவைக் கழற்றிச் சொருகுங்கள். இப்போது ஆமை வேகத்தில் திறந்தால், கம்பி நான்கும் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, வேகமான சிக்னலைத்தான் அந்த வழி தாங்கவில்லை என்று தெரிந்துவிடும். வயர், முன்பக்கப் பேனல், களிம்பு, இதில் ஏதோ ஒன்று. சோதித்த பிறகு மறக்காமல் எனேபிள் செய்யுங்கள். எச்61 போர்டில் இதைச் செய்யாதீர்கள்: அங்கே மெதுவான கன்ட்ரோலர்கள் தனியாக இல்லை, கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "இந்தச் சாதனம் இன்னும் வேகமாக வேலை செய்யும்" என்ற செய்தி வந்து, ஒரு சினிமா ஃபைல் ஏற ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், என்ஹான்ஸ்டு கன்ட்ரோலர் அணைந்திருக்கிறது அல்லது அதற்கு மஞ்சள் குறி. சிப்செட் டிரைவரை மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள்.

குறி விழுந்திருக்கும் சாதனத்தை டபுள் கிளிக் செய்தால் கோட் எண் தெரியும். 22 என்றால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள்; எனேபிள் கொடுத்தால் முடிந்தது. 28 என்றால் டிரைவரே இல்லை. 39 என்றால் டிரைவர் ஃபைல் சிதைந்திருக்கிறது. 52 விண்டோஸ் 7ல் அதிகம் பார்க்கும் வியாதி: இன்றைய டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 என்ற டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகின்றன, அப்டேட் செய்யாத விண்டோஸ் 7க்கு அதைப் படிக்கத் தெரியாது. 2015ல் வந்த கேபி3033929 என்ற அப்டேட் அதற்குத்தான். கோட் 10 பலவற்றைக் குறிக்கும். பில்லிங் மெஷின், எடை மெஷினை யூஎஸ்பியில் இணைக்கும் சீரியல் கன்வெர்ட்டரில் அது வந்தால், உள்ளே இருப்பது புரொலிஃபிக் சிப்பின் போலியாகவோ நிறுத்தப்பட்ட பழைய ரகமாகவோ இருக்கலாம். புது டிரைவர் அதை வேண்டுமென்றே ஏற்க மறுக்கும். பழைய டிரைவருக்கு ரோல் பேக் செய்தால் ஓடும்.

எண் எதுவாக இருந்தாலும் செய்து பார்க்கத் தக்க ஒன்று: அந்தப் பிரிவில் உள்ள கன்ட்ரோலர் வரிகளை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுப்பது. விண்டோஸ் திரும்ப வரும்போது தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும். நடுவில் யூஎஸ்பி மவுஸ் நின்றுவிடும். பதறாமல் கேபினெட் பட்டனை ஒரு தட்டுத் தட்டி ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாதனம் தானாகத் துண்டிக்கப்படுகிறது என்ற புகாருக்கு வேறு மருந்து: ஒவ்வொரு "யூஎஸ்பி ரூட் ஹப்"பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள், பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் அதனால் மிச்சமாகும் கரண்ட் ஒன்றுமில்லை.

பென் டிரைவ் வந்தும் திறக்கவில்லை

டிவைஸ் மேனேஜர் இருந்த அதே "மேனேஜ்" ஜன்னலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அங்கே டிரைவ் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் ரைட் கிளிக் செய்து எழுத்தைக் கொடுங்கள். நெட்வொர்க் டிரைவும் கார்டு ரீடரும் எழுத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இது சகஜம். "நோ மீடியா" என்று காட்டினால் பென் டிரைவின் மூளை உயிரோடு, நினைவுச் சிப் செத்துவிட்டது. சாதாரண மென்பொருள்களால் பயனில்லை. "ரா" (ஃபைல் சிஸ்டம் புரியவில்லை) என்று காட்டி ஃபார்மட் செய்யவா என்று கேட்டால், உள்ளே வேண்டிய ஃபைல் இருக்கும் பட்சத்தில் தயவுசெய்து "கேன்சல்" அழுத்துங்கள். முதலில் ரெகவரி, பிறகு ஃபார்மட்.

மவுஸ், பிரிண்டர் எல்லாம் ஓடுகின்றன, எந்தப் பென் டிரைவும் வரவில்லை என்றால் யாரோ திட்டமிட்டே தடுத்திருக்கலாம். அலுவலகத்திலிருந்து ஏலத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ் வழியே யூஎஸ்பிஸ்டோர் என்ற ஃபோல்டருக்குப் போய் "ஸ்டார்ட்" மதிப்பைப் பாருங்கள். 4 என்றால் தடை. 3 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னும் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் என்றால் கை வைக்காதீர்கள், சிஸ்டம் அட்மினிடம் கேளுங்கள்.

பிரிண்டரும் போனும்

பிரிண்டரின் வயரை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து "காப்பி 1" என்று இன்னொன்றை உருவாக்கும். பழையது ஆஃப்லைனில் தொங்கும், நீங்கள் கொடுக்கும் பிரிண்ட் எல்லாம் அதன் வரிசையில் தூங்கும். பழைய பிரிண்டரின் புராபர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கம் போய்ப் புதிய யூஎஸ்பி போர்ட்டை டிக் செய்யுங்கள், அல்லது வயரைப் பழைய ஓட்டையிலேயே சொருகுங்கள். இரண்டாவதுதான் சுலபம்.

ஆண்ட்ராய்டு போன் சொருகியதும் சார்ஜ் மட்டும்தான் ஏறும். நோட்டிஃபிகேஷனை இழுத்து "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓட்டுபவர்கள் அதற்கு விண்டோஸ் மீடியா பிளேயர் 11 போட்டிருக்க வேண்டும்.

ஃபார்மட் செய்யலாமா? லினக்ஸைக் கேளுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் வழிக்கு வரவில்லையென்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு டிவிடியில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் டிவிடியிலிருந்தே துவக்குங்கள். பழைய டெஸ்க்டாப்பில் டிவிடி டிரைவ் இருப்பது இந்த மாதிரி நேரத்தில்தான் கைகொடுக்கும். லினக்ஸில் பென் டிரைவ் அழகாகத் திறந்தால் வன்பொருள் சரி, விண்டோஸ்தான் சிக்கல். அப்போது ஃபார்மட் பேச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் வரவில்லையென்றால் ஃபார்மட் செய்யச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

போர்டின் யூஎஸ்பி போய்விட்டதென்றால்

மல்டிமீட்டரில் டயோடு நிலை தெரிந்தவர்கள் ஒன்று செய்யலாம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கருப்பு முனையை ஒவ்வொரு போர்ட்டின் டேட்டா பட்டையிலும் வையுங்கள். நல்ல போர்ட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தையோ, திறந்த நிலையையோ காட்டினால் சிப்புக்குள் அந்த வழி எரிந்துவிட்டது. ஒன்றிரண்டு போர்ட் போயிருந்தால் மற்றதை வைத்து ஓட்டலாம். ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், ப்ளக் மட்டும் சொருகியிருக்கும்போதே, யூஎஸ்பியைக் கவனிக்கும் சவுத் பிரிட்ஜ் சிப் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்தப் போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள்.

எல்லா யூஎஸ்பியும் போய், மற்றபடி கம்ப்யூட்டர் நன்றாக ஓடினால் ஆட்-ஆன் கார்டு போதும். பிசிஐ ஸ்லாட் மட்டும் இருந்தால் யூஎஸ்பி 2.0 கார்டு. சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால் யூஎஸ்பி 3.0 கார்டே வாங்குங்கள். ஜி41 காலத்து ஸ்லாட் விநாடிக்கு 250 மெகாபைட்தான் தாங்கும் என்பதால் 5 ஜிகாபிட் முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் யூஎஸ்பி 2.0வில் 30, 35 மெகாபைட்டில் ஊர்ந்த ஹார்டு டிஸ்க்குக்கு இது பெரிய விடுதலை. கார்டில் மோலெக்ஸ் அல்லது சாட்டா பவர் கனெக்டர் இருந்தால் அதை மாட்டாமல் விடாதீர்கள். விண்டோஸ் 10க்கு டிரைவர் தேவையில்லை; விண்டோஸ் 7க்கு யூஎஸ்பி 3.0 ஆதரவு உள்ளேயே கிடையாது, கார்டோடு வரும் சிடியைப் பத்திரப்படுத்துங்கள். பயாஸ் பக்கத்தில் இந்தக் கார்டு பெரும்பாலும் வேலை செய்யாது, அதனால் பிஎஸ்/2 கீபோர்டு மேஜையிலேயே இருக்கட்டும். கடைசியாக, செத்துப்போன முன்பக்கப் போர்ட்டுகளின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, வெளியே ஓட்டைகளின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் அதிலேயே சொருகிவிட்டு, "மறுபடியும் வரலை" என்பார்கள்.